துணிப்பையின் காது தையலோடு கிழிந்து வருகிறது: என்ன தவறு செய்கிறேன்?

கேள்வி

வணக்கம். கடைக்குக் கொண்டுபோவதற்கான துணிப்பைகளை வீட்டிலேயே தைத்துக்கொள்ள வேண்டும் என்று மூன்று மாதங்களாக முயன்று வருகிறேன். இதுவரை நான்கு பைகள் தைத்திருக்கிறேன். நான்கிலும் ஒரே இடத்தில்தான் பழுது வந்தது. பையின் காது, அதாவது கைப்பிடிப் பட்டை, பையின் வாயோடு சேரும் இடத்தில் கிழிந்துவிடுகிறது. எனக்குப் புரியாதது என்னவென்றால், நூல் அறுவதே இல்லை. தையல் அப்படியே பட்டையோடு இருக்கிறது. பையின் துணிதான், தபால்தலையைத் துளை வழியே கிழித்ததைப் போல, தையல் ஓடிய கோட்டிலேயே நேராகக் கிழிந்து வருகிறது.

நான் தைத்த முறையையும் சொல்லிவிடுகிறேன். துணி, பழைய பருத்திப் படுக்கை விரிப்பிலிருந்து வெட்டியது. பையின் வாயை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு இரட்டை மடிப்பாக மடித்துத் தைத்தேன். காதின் நுனியை உள்பக்கம் வைத்து, அந்த மடிப்பின்மேல் குறுக்காக ஒரு வரி ஓட்டினேன். உறுதியாக இருக்கட்டும் என்று தையலை மிகவும் நெருக்கமாக வைத்து, அதே வரியின்மேல் முன்னும் பின்னுமாக நான்கைந்து தடவை போனேன். நூல் பாலியஸ்டர், ஊசி, இயந்திரத்தோடு வந்த ஊசி. கடைசியாகத் தைத்த பை ஏறத்தாழ எட்டு கிலோ சுமையோடு இரண்டாவது வாரத்திலேயே கிழிந்தது.

இன்னும் அழுத்தமாகத் தைக்க வேண்டுமா, வேறு நூல் வாங்க வேண்டுமா, அல்லது துணியே தவறா? கிழிந்த பைகளைத் தூக்கி எறிய மனம் வரவில்லை; அவற்றைச் சரிசெய்ய வழி உண்டா என்றும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

பழுதை நீங்கள் இவ்வளவு கவனித்து எழுதியதால் காரணம் தெளிவாகவே தெரிகிறது. நீங்கள் தைத்தது போதாமல் கிழியவில்லை. ஒரே கோட்டில் அளவுக்கு மீறித் தைத்ததால்தான் கிழிந்தது. ஊசி இறங்கும் ஒவ்வொரு துளையிலும் துணியின் இழைகள் சில ஒதுங்கும், சில அறுபடும். தையலின் நீளம் மூன்று மில்லிமீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டரில் மூன்று துளைகள்தான் விழும். ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைத்தால் அதே இடத்தில் ஆறு, ஏழு துளைகள் விழும். அதன்மேல் நான்கைந்து முறை ஓட்டினால், துணியை நீங்களே கிழிப்பதற்குக் கோடு போட்டுக் கொடுத்தது போலாகிவிடும். பாலியஸ்டர் நூல் பழந்துணியின் இழையைவிட வலுவானது என்பதால் நூல் நின்றுவிட்டது, துணி விட்டுக்கொடுத்துவிட்டது. எனவே நூலை மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் தையலின் திசை. பையைத் தூக்கும்போது காது மேல்நோக்கி இழுக்கிறது; உங்கள் தையலோ அதற்குக் குறுக்காக, ஒரே வரியாக இருக்கிறது. அந்த ஒரு வரியின் அடியிலுள்ள துணி மட்டுமே முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கிறது. எட்டு கிலோ சுமையை இரண்டு காதுகளின் நான்கு முனைகள் பங்கிட்டுக்கொண்டால் முனைக்கு இரண்டு கிலோதான் வரும்; அது பெரிய சுமை அன்று. ஆனால் தோளிலிருந்து ஒரு காது நழுவியவுடன் மீதி இரண்டு முனைகள் நான்கு நான்கு கிலோவைத் தாங்க வேண்டும். பையைத் தரையிலிருந்து வெடுக்கென்று தூக்கினால் அதற்கும் மேலே போகும். காதின் இணைப்பை நின்ற நிலையில் உள்ள சுமைக்காக அன்றி, இந்த வெடுக்கென்ற இழுப்புக்காகத் தைக்க வேண்டும்.

ஓரிடத்தில் குவியும் இழுப்பால் துணி கிழிவது பழைய தொல்லைதான். வேலைக்காரர்களின் காற்சட்டைப் பைகள் மூலையில் கிழிவதைத் தடுக்கத்தான் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர் அந்த மூலைகளில் செம்பு ஆணி அடித்தார். 1873ஆம் ஆண்டு அவரும் லீவை ஸ்ட்ராஸும் சேர்ந்து அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். நமக்கு ஆணி தேவையில்லை. இழுப்பைப் பரப்பிவிட்டால் போதும்.

நான் தைக்கும் முறை இது. பையின் வாயை முதலில் ஒரு சென்டிமீட்டரும் பிறகு மூன்று சென்டிமீட்டரும் மடித்து, அகலமான மடிப்பாகத் தைக்கிறேன். காதுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் துணிப்பட்டை வெட்டி, அதை நான்காக மடித்து, மூன்று சென்டிமீட்டர் பட்டையாக்கி, இரண்டு ஓரத்திலும் தையல் ஓட்டுகிறேன். காதின் நுனியைப் பையின் உள்பக்கம், வாயிலிருந்து ஆறு சென்டிமீட்டர் கீழே இறங்கும்படி வைக்க வேண்டும். மூன்று சென்டிமீட்டர் மடிப்பின்மேலும் மூன்று சென்டிமீட்டர் அதற்குக் கீழேயுள்ள ஒற்றைத் துணியின்மேலும் படியும். மடிப்புக்குக் கீழே இறங்கிய நுனியின்மேல் ஓர் ஒட்டுத்துணி வைக்கிறேன். ஏழு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நான்கு ஓரத்தையும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே மடித்தால் ஐந்து சென்டிமீட்டர் சதுரம் கிடைக்கும். அது காதின் நுனியை மூடி, இரு பக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டரும், கீழே இரண்டு சென்டிமீட்டரும் வெளியே நிற்கும். முதலில் ஒட்டுத்துணியின் ஓரத்தைச் சுற்றித் தைத்துவிட்டு, பிறகு காதின் ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்கும் பெட்டி போலச் சுற்றித் தைத்து, மூலைக்கு மூலை பெருக்கல் குறி போல இரண்டு வரி ஓட்ட வேண்டும். தையல் நீளம் மூன்று மில்லிமீட்டர். ஒரு வரியின்மேல் இன்னொரு வரி போகக் கூடாது. தொடங்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் மட்டும் மூன்று நான்கு தையல் பின்னோக்கிப் போனால் போதும்.

இந்தப் பெட்டியின் இரண்டு நெடுவரிகளும் இழுப்பின் திசையிலேயே ஓடுகின்றன. அதனால் சுமை ஒரு வரியின் அடியில் குவியாமல் ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரவுகிறது. ஒட்டுத்துணி அதை இன்னும் அகலமாகப் பிரித்துத் துணிக்குக் கொடுக்கிறது.

கிழிந்த பைகளை எறிய வேண்டாம். கிழிசலுக்குச் சற்றுக் கீழே, வாய் முழுவதையும் நேராக வெட்டிவிட்டு, நான் சொன்னபடி அகலமாக மடித்து, காதுகளை மீண்டும் வையுங்கள். பையின் உயரம் ஏழெட்டு சென்டிமீட்டர் குறையும், அவ்வளவுதான்.

இரண்டாவது பதில்

மேலே சொன்னது முழுவதும் சரி. துணியைப் பற்றி மட்டும் நான் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பழைய படுக்கை விரிப்பில் நானும் கை சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

படுக்கை விரிப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவு தேய்வதில்லை. உடல் படும் நடுப்பகுதி மெலிந்து, மெத்தைக்கு அடியில் செருகியிருந்த ஓரங்கள் ஏறக்குறையப் புதிதாகவே இருக்கும். விரிப்பை ஜன்னலில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் வெளிச்சம் சல்லடை வழியே வருவது போல வரும், ஓரத்தில் அப்படி வராது. இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்துத் துணியைப் பற்றி இருபுறமும் பலமாக இழுத்துப் பாருங்கள். மெல்லிய ‘பட், பட்’ என்ற ஒலி கேட்டால் இழைகள் அறுகின்றன என்று பொருள்; அந்தத் துண்டைக் காதுக்கோ பையின் வாய்க்கோ வைக்கவே கூடாது. காதுகளை எப்போதும் ஓரப்பகுதியிலிருந்து வெட்டுங்கள். துணியின் கரைக்கு இணையாக, பாவு நூல் நீளவாக்கில் ஓடும்படி வெட்டுங்கள். நெசவில் பாவு நூல்தான் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அந்தத் திசையில் துணி மிகக் குறைவாகவே நீளும். குறுக்காக வெட்டிய காது அதைவிடக் கூடுதலாக நீளும். சாய்வாக வெட்டியதோ சில வாரங்களிலேயே தொங்கிப்போகும்.

புதிதாகத் துணி வாங்குவதானால் கேன்வாஸ் நல்லது. துணியின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பார்கள். 250 முதல் 340 கிராம் வரையுள்ள கேன்வாஸை வீட்டு இயந்திரம் பொதுவாகத் தைத்துவிடும்; அதற்கு மேல் போனால் காதுகள் சேரும் இடத்தில் இயந்திரம் திணறும். பழைய ஜீன்ஸும் மிக நல்ல துணி; ஆனால் இழுத்தால் ரப்பர் போல நீளும் வகையைக் காதுக்குப் பயன்படுத்த வேண்டாம். விரிப்புத் துணிக்குப் பதினான்காம் எண் ஊசியும், கேன்வாஸுக்கும் ஜீன்ஸுக்கும் பதினாறாம் எண் ஊசியும் பொருந்தும். மழுங்கிய ஊசி இழைகளை விலக்காமல் அறுத்துக்கொண்டு இறங்கும் என்பதால், இயந்திரத்தோடு வந்த ஊசியை இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

புதிய பருத்தித் துணியை வெட்டுமுன் கட்டாயம் துவைக்க வேண்டும். எவ்வளவு சுருங்கும் என்பது துணிக்குத் துணி மாறும். ஆகவே துணியின்மேல் அழியாத பேனாவால் ஐம்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு நெடுக்கிலும் ஒரு கோடு குறுக்கிலும் போட்டு, வெந்நீரில் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மறுபடி அளந்து பாருங்கள். நெடுக்கில் சுருங்கும் அளவும் குறுக்கில் சுருங்கும் அளவும் வேறாக இருப்பதைக் காண்பீர்கள். துவைக்காமல் தைத்தால், காது ஒருவிதமாகவும் பை வேறுவிதமாகவும் சுருங்கி, தையலோரம் முழுவதும் சுருக்கம் விழும்.

நீங்கள் நான்கு பைகளையும் எறியாமல் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 2011ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாவதில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும். அதுவும் அந்தப் பிளாஸ்டிக் பையை இரண்டாவது முறை எதற்கும் பயன்படுத்தாமல் எறிகிறோம் என்ற கணக்கில்தான். வாரம் ஒருமுறை கடைக்குப் போனால் இது இரண்டரை ஆண்டு. புதுத்துணியில் தைத்த பை இரண்டே வாரத்தில் கிழியுமானால், அந்தத் துணிக்காகச் செலவான பருத்தியும் நீரும் சாயமும் வீணாகிவிடும். உங்களிடமுள்ளதோ ஏற்கெனவே பயன்பட்டு முடிந்த துணி. அதற்காகப் புதிதாக எதுவும் விளைவிக்கப்படவில்லை. அதை நன்றாகத் தைப்பதில் நீங்கள் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் தகும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். நான் வெட்டிய நான்கு பைகளின் காதுகளும் விரிப்பின் நடுப்பகுதியிலிருந்துதான் வந்திருக்கின்றன என்பது உடனே தெரிந்துவிட்டது. புதிய பையை ஓரப்பகுதித் துணியில் தொடங்கினேன்.

இப்போது அடிப்பகுதியில் ஒரு சிக்கல். பை தரையில் நிற்க வேண்டும் என்பதற்காக அடியில் பத்து சென்டிமீட்டர் அகலம் வேண்டுமென்று நினைத்து, மூலையின் நுனியிலிருந்து பத்து சென்டிமீட்டர் அளந்து குறுக்கே தைத்தேன். பிரித்துப் பார்த்தால் அடி அகலம் இருபது சென்டிமீட்டராகவும், பை தாம்பாளம் போலத் தாழ்வாகவும் இருக்கிறது. அளவு எங்கே பிசகியது?

மூன்றாவது பதில்

மூலையின் நுனி செங்கோணமாக இருப்பதால்தான் இப்படி ஆகிறது. நுனியிலிருந்து எவ்வளவு தொலைவில் குறுக்குக் கோடு போடுகிறீர்களோ, அதைப் போல இரு மடங்கு நீளமாக அந்தக் கோடு அமையும். அடி பத்து சென்டிமீட்டர் அகலமாக வேண்டுமானால் நுனியிலிருந்து ஐந்து சென்டிமீட்டரில் கோடு போட வேண்டும். நுனியை அளப்பதைவிடக் கோட்டின் நீளத்தையே அளந்துவிட்டுத் தைப்பது பாதுகாப்பானது. அங்கே பத்து இருந்தால் அடியும் பத்துதான். நுனி என்பது தையல் முடியும் புள்ளி, தையலுக்கு வெளியே நிற்கும் துணியின் முனை அன்று என்பதையும் நினைவில் வையுங்கள்.

தைப்பதற்கு முன், பையின் உள்பக்கம் வெளியே இருக்கும்படி திருப்பி, மூலையில் கையை விட்டு, பக்கத் தையல் அடி மடிப்பின்மேல் நேராகப் படியும்படி தட்டையாக்க வேண்டும். தையல் ஒரு நூலளவு விலகினாலும் பை ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும். தைத்த பிறகு அந்த முக்கோணத்தை வெட்டிவிடாதீர்கள். அடிப்பக்கமாக மடித்து நுனியை இரண்டு தையலில் பிடித்துவிட்டால், அதிகம் தேயும் மூலைக்கு அது இரட்டைத் துணியாக நிற்கும்.

வெட்டும் அளவைத் தலைகீழாகக் கணக்கிட வேண்டும். தைத்து முடித்த பை 36 சென்டிமீட்டர் அகலமும் 38 சென்டிமீட்டர் உயரமும் 10 சென்டிமீட்டர் அடியும் கொண்டிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அகலத்துக்கு 36உடன் அடியின் 10ஐயும், இரு பக்கத் தையலுக்கு ஒன்றரை வீதம் 3ஐயும் சேர்த்தால் 49. உயரத்துக்கு 38உடன் அடியில் பாதியான 5ஐயும் வாய் மடிப்பின் 4ஐயும் சேர்த்தால் 47; முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே துண்டாக அடியில் மடிந்து வருவதால் 94. ஆக, 49க்கு 94 சென்டிமீட்டரில் ஒரே துண்டு போதும், அடியில் தையலே வராது.

பக்கத் தையலில் ஒன்றரை சென்டிமீட்டர் விடச் சொன்னதற்குக் காரணம், அதைப் பிசிர் தெரியாமல் இரண்டு முறை தைக்கலாம் என்பதுதான். முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்க, ஓரத்திலிருந்து ஆறு மில்லிமீட்டரில் தைத்து, வெளியே நிற்கும் ஓரத்தை மூன்று மில்லிமீட்டராகக் கத்தரித்துவிட வேண்டும். பிறகு பையைத் திருப்பி, தையலை இஸ்திரியால் அழுத்தி, ஒன்பது மில்லிமீட்டரில் மறுபடி தைத்தால் பிசிர் முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும். கத்தரிக்கும் வேலையைச் சோம்பலால் விட்டுவிட்டால் இழைகள் இரண்டாவது தையலுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அவற்றைப் பிறகு எதுவும் செய்ய முடியாது. கனமான கேன்வாஸுக்கு இந்த முறை தடிப்பாகிவிடும். அதற்குச் சாதாரணத் தையலும், ஓரத்தில் வளைந்து வளைந்து ஓடும் ஜிக்ஜாக் தையலும் போதும்.

நான்காவது பதில்

தையல் இயந்திரம் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். நான் பைகளைக் கையாலேயே தைக்கிறேன். சாதாரண ஓட்டுத் தையல் இதற்குப் போதாது. ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். ஒவ்வொரு தையலிலும் ஊசி ஒரு படி பின்னே வந்து இரு படி முன்னே போகும் பின்தையல் போட வேண்டும். இதில் ஒவ்வொரு தையலும் அடுத்ததன்மேல் ஏறிப் படிவதால், ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். நூலை இரட்டையாக்கி, தேன்மெழுகுக் கட்டியின்மேல் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் முறுக்கிக்கொள்ளாது. நூலை முழங்கையின் நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள்; நீளமான நூல் துணிக்குள் திரும்பத் திரும்ப உரசிப் பாதி வழியிலேயே நைந்துவிடும். காது சேரும் இடத்தில் விரலுறை இல்லாமல் ஊசியைத் தள்ளவே முடியாது.

கேள்வி கேட்டவர்

மூலையைப் பிரித்து ஐந்து சென்டிமீட்டரில் மறுபடி தைத்தேன். பை இப்போது நேராக நிற்கிறது. காதைத் தைக்கும்போது மட்டும், ஒற்றைத் துணியிலிருந்து வாய் மடிப்பின்மேல் ஏறும் இடத்தில் இயந்திரம் நின்றுவிடுகிறது. ஒரே இடத்தில் ஐந்தாறு முறை குத்தி நூலை முடிச்சாக்கிவிடுகிறது.

முதல் பதில் எழுதியவர்

காது நான்கு மடிப்பு, வாய் மூன்று மடிப்பு, ஆக ஏழு துணி அங்கே சேர்கிறது. அழுத்துக்கால் மேட்டில் ஏறும்போது முன்புறம் தூக்கிக்கொண்டு, பின்புறம் துணியை அழுத்தாமல் அந்தரத்தில் நிற்கிறது. அதனால் கீழேயுள்ள பற்களால் துணியை நகர்த்த முடிவதில்லை. மீதமான துணியை அதே தடிமனுக்கு மடித்து, அழுத்துக்காலின் பின்பாதிக்கு அடியில் செருகிவிடுங்கள். கால் மட்டமாகி, துணி தானாக நகரும். மேட்டிலிருந்து இறங்கும்போது அதே மடிப்பை முன்புறம் வையுங்கள். அந்த நான்கைந்து தையலுக்கு மட்டும் மிதிப்பதை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தைக்கும் முன் அந்த ஏழு மடிப்பையும் ஈரத்துணி போட்டு இஸ்திரியால் அழுத்திக்கொண்டால் தடிப்பே பாதியாகத் தெரியும்.

கேள்வி கேட்டவர்

மடித்த துணியைச் செருகியவுடன் ஊசி ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறி இறங்கியது. பையில் பத்து கிலோ எடையை வைத்து, ஒரே ஒரு காதை மட்டும் கதவின் கொக்கியில் மாட்டி இரவு முழுவதும் தொங்கவிட்டேன். காலையில் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்த்தேன். பெட்டித் தையலின் மேல் மூலையில் துணி லேசாக இழுபட்டு இரண்டு சிறு சுருக்கம் விழுந்திருக்கிறது. துளை எதுவும் விரியவில்லை, இழை எதுவும் அறவில்லை. பழைய பைகளில் இரண்டின் வாயை வெட்டி மடித்து வைத்திருக்கிறேன். மற்ற இரண்டும் நடுவிலேயே மெலிந்துபோனவை என்பதால் அவற்றைப் பையாக வைத்துக்கொள்ளாமல், மேலே சொன்ன ஏழு சென்டிமீட்டர் ஒட்டுத்துணிகளுக்கு நல்ல பகுதியை மட்டும் தேர்ந்து வெட்டிக்கொண்டிருக்கிறேன்.